மெக்கானிக் உருவாகும் இடம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால், டீசல் விலையில் ஆரம்பிக்கும் பேச்சு டோல் கட்டணத்துக்குப் போய், டிரைவர் கிடைக்காத வருத்தத்தில் வந்து நிற்கும். சில வருடங்களாக இன்னொரு வருத்தமும் சேர்ந்திருக்கிறது. வண்டியைப் பார்த்துக் கோளாறு சொல்ல ஆள் இல்லை. எஃப்.சி. காட்ட வேண்டிய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒரு வாரம் என்றது மூன்று வாரமாகிறது. பழைய மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது. அவரிடம் தொழில் கற்றவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. நகரத்தில் பைக் வைத்திருப்பவர்களுக்கும் இதே சங்கடம்தான். தெருமுனை மெக்கானிக் கடைச் சுவரில் ‘ஆள் தேவை’ என்று ஒட்டிய காகிதம் வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் பதிவான வாகனங்கள் 3 கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்கள். எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டும் சுதந்திரம் வந்த சில ஆண்டுகளிலேயே காலூன்றின. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஓசூர், மறைமலை நகர், ஒரகடம் என்றும் வாகனத் தொழில் பரவியது. இவ்வளவு வண்டி செய்கிற மாநிலத்தில் வண்டியைப் பழுதுபார்க்க ஏன் ஆள் கிடைக்கவில்லை?

கேட்டால் மூன்று பதில்கள் வரும். இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வளையாது என்பது முதல் பதில். அதை நான் ஏற்கவில்லை. அதே பையன்கள்தான் சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறார்கள். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக நைட் ஷிஃப்ட் முழுக்க நின்றபடி வேலை செய்கிறார்கள். சம்பளம் குறைவு என்பது இரண்டாவது பதில். அது உண்மை. ஆனால் நல்ல சம்பளம் தரத் தயாராக இருப்பவருக்கும் முழு இன்ஜின் வேலை தெரிந்த, ஸ்கேனரும் பார்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லையே, அது ஏன் என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. வண்டிகள் மாறிவிட்டன என்பது மூன்றாவது. அதுவும் உண்மை, ஆனால் வண்டிகள் எப்போதும் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. டூ ஸ்ட்ரோக் போய் ஃபோர் ஸ்ட்ரோக் வந்தபோது தெருவோர மெக்கானிக் கடைகள் மூடப்படவில்லை.

என் பார்வையில் இந்த மூன்றுக்கும் அடியில் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மெக்கானிக் தேறி வர ஐந்து ஆறு வருடம் ஆகும். அந்த வருடங்களில் அவர் மெதுவாகத்தான் வேலை செய்வார், தப்பும் செய்வார். அந்தத் தாமதத்தின் செலவையும் தப்பின் செலவையும் யாராவது ஏற்க வேண்டும். முன்பு ஏற்றவர்கள் போய்விட்டார்கள். புதிதாக யாரும் அந்தப் பொறுப்பை எடுக்கவில்லை.

முன்பு ஏற்றவர்கள் யார்? கோவை வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கான பதில் ஜி.டி. நாயுடுவிடமிருந்துதான் தொடங்கும். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கிய கலங்கல் கிராமத்து இளைஞர் அவர். கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட உதவியவரும் அவரே. அங்கே பொறியியல் படிப்புக்கு நான்கு வருடம் தேவையில்லை, இரண்டு வருடம் போதும் என்று வாதாடினார். அரசு ஒப்புக்கொள்ளாததால் விலகிக்கொண்டார். இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது வருடக் கணக்கைவிட, கை படாமல் படிப்பு ஏறாது என்ற அவருடைய உறுதி. மதுரையில் 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனமும், பின்னர் பெருகிய தனியார் பஸ் கம்பெனிகளும் தங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே ஆளைத் தயார் செய்துகொண்டன. வண்டி நின்றால் அன்றைய வசூல் நின்றுவிடும் என்பதால் ஆளைப் பழக்குவது அவர்களுக்கு அன்றாடத் தேவை. 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன் போக்குவரத்துக் கழகங்கள் உருவான பின் அந்த வேலையைக் கழகப் பணிமனைகள் எடுத்துக்கொண்டன. ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒரு வருடம் டிப்போவில் அப்ரண்டிஸாக இருந்தால் கிளட்ச், பிரேக், கியர் பாக்ஸ் மூன்றும் கைக்கு வந்துவிடும். இந்த இடங்களில் எல்லாம் கற்பவரின் தாமதத்தை ஒரு பெரிய நிறுவனம் தாங்கியது.

தெருவோர ஒர்க்‌ஷாப்பில் அதைத் தாங்கியவன் பையன்தான். பத்து, பன்னிரண்டு வயதில் படிப்பு ஏறவில்லை என்றோ வீட்டில் கஷ்டம் என்றோ கொண்டுவந்து விடுவார்கள். டீ வாங்கி வருவான். பார்ட்ஸை டீசலில் கழுவுவான். “12-13 எடுடா” என்றால் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பான். ஒரு வருடத்தில், கேட்பதற்கு முன்பே போல்ட்டின் தலையைப் பார்த்து எந்த ஸ்பேனர் என்று கையில் வைத்திருப்பான். பிறகு பிரேக் ஷூ மாற்றுவான், செயின் டைட் செய்வான், கிளட்ச் பிளேட் கழற்றுவான். ஹெட்டைத் திறக்க விடுவதற்கு மூன்று நான்கு வருடம் ஆகும். இன்ஜின் முழுதாக அவன் கைக்கு வரும்போது மீசை முளைத்திருக்கும். அதுவரை சம்பளம் என்று எதுவும் பெரிதாகக் கிடையாது. அடி உண்டு, வசவு உண்டு, சில இடங்களில் ஸ்பேனரே தலைக்கு வந்ததும் உண்டு. கற்கும் காலத்தின் செலவை அந்தப் பையன் தன் குழந்தைப் பருவத்தைக் கொடுத்துக் கட்டினான். இன்று நாம் கைராசிக்காரர் என்று தேடிப் போகும் பல மேஸ்திரிகள் அப்படி வந்தவர்கள். அதற்காக அந்த முறையை நல்ல முறை என்று யாரும் சொல்லக் கூடாது.

அந்த வழி மூடப்பட்டது சரியே. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்த தொழில்களின் பட்டியலில் வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறைகளும் சேர்க்கப்பட்டன. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது என்றது. சட்டத்தைவிடவும் பெரிய வேலையைச் சத்துணவும் பள்ளிக்கூடமும் செய்தன. 2021-22 கணக்குப்படி உயர்கல்விக்குப் போகும் விகிதம் இந்தியா முழுவதற்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இரண்டு தலைமுறைகளில் நடந்த இந்த மாற்றத்தை மெக்கானிக் கிடைக்கவில்லை என்பதற்காகக் குறை சொன்னால் அதைவிட அநியாயம் இல்லை. ஆனால் ஒரு கதவைச் சாத்தியபோது இன்னொன்றைத் திறந்து வைக்க வேண்டிய கடமை நமக்கு இருந்தது. அதைச் செய்யத் தவறினோம். இன்று தொழில் கற்க வருகிறவனுக்குப் பதினெட்டு, இருபது வயது. பன்னிரண்டாவதோ டிப்ளமோவோ முடித்திருக்கிறான். வீட்டுக்கு மாதாமாதம் பணம் தர வேண்டிய வயது. அவனிடம் மூன்று வருடம் கைச்செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு ‘டேய்’ என்ற கூப்பாட்டுக்கு ஓடிவா என்றால் எப்படி வருவான்? டெலிவரி வேலையில் சேர்ந்த முதல் வாரமே கையில் காசு.

இந்த இடைவெளியில்தான் வண்டிகளும் முன்பு எப்போதும் இல்லாத வேகத்தில் மாறின. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.-4 புகை விதி வந்தது. பி.எஸ்.-5-ஐத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6. அதோடு, புதிதாக விற்கும் ஏறக்குறைய எல்லா பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாகியிருந்தது. ஏர் ஸ்க்ரூவைத் திருகி, காதால் கேட்டு ஐடிலிங் வைத்த கைகளுக்கு அங்கே திருக ஒன்றும் இல்லாமல் போனது.

லாரியில் மாற்றம் இன்னும் கடுமையானது. பழைய டீசல் இன்ஜினில் நாசில் 200 பார் அழுத்தத்தை ஒட்டித் திறக்கும். பம்ப் செட்டிங் தெரிந்த ஆள் டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் சரிசெய்துவிடுவார். காமன் ரெயில் இன்ஜினில் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை போகிறது. ஓடும் இன்ஜினில் பைப்பைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கத்தை இங்கே செய்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். புகையைக் கட்டுப்படுத்த ஆட்ப்ளூ டேங்க், புகைக்கரியை எரித்துத் தள்ளும் வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் என்று பின்னால் ஒரு தொழிற்சாலையே தொங்குகிறது. அதில் ஒரு சென்சார் பிசகினால், கொஞ்ச தூரத்துக்குப் பிறகு வண்டி தானாகவே பிக்கப்பைக் குறைத்துக்கொள்ளும். நடுக்காட்டில் நிற்கும் டிரைவருக்கு உதவப் பக்கத்து ஊர் மேஸ்திரியால் முடியாது.

ஸ்கேனர் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். சேலம் பைபாஸ் ஓரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெட்ரோல் கார். ஐடிலிங் ஏறி இறங்குகிறது, செக் லைட் எரிகிறது. வேறு இடத்தில் ஏற்கெனவே ஸ்கேனர் போட்டுப் பார்த்து ஆக்சிஜன் சென்சாரைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். இரண்டு நாளில் லைட் திரும்ப வந்துவிட்டது. இங்கே இருந்த மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வயது. அவரும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். பி0171 என்று வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். எந்தப் பார்ட் கெட்டுப்போனது என்று அது சொல்லாது. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், கணக்கில் வராத காற்று எங்கேயாவது உள்ளே போகலாம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் எண்ணை வைத்து நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலையாக இருப்பது போல, இங்கே மிச்ச வேலை மெக்கானிக்கினுடையது. அவர் வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டர் கிளீனர் டப்பாவை எடுத்து, சூடான சைலன்சர் பக்கம் படாமல், காற்று போகும் ஓஸ் நெடுக இத்தனூண்டு இத்தனூண்டாக அடித்துக்கொண்டே போனார். ஒரு வளைவுக்கு வந்ததும் இன்ஜின் சத்தம் மாறியது. ஓஸின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மயிரிழை விரிசல்.

ஓஸ் விலை நூறு ரூபாய்க்குள். லேபர் அறுநூறு கேட்டார். காரின் சொந்தக்காரர், “என்னண்ணே, ஒரு ஓஸ் மாத்தறதுக்கா அறுநூறு?” என்று பேரம் பேசி நானூறில் முடித்தார். இதே மனிதர் இரண்டு நாளுக்கு முன் மாற்றத் தேவையே இல்லாத சென்சாருக்கு ஆயிரக்கணக்கில் மறுபேச்சில்லாமல் கட்டியவர்.

இந்தப் பற்றாக்குறையின் வேர் இந்தப் பேரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பார்ட்ஸுக்குப் பில் இருக்கிறது, விலை அச்சடித்திருக்கிறது. அதை யாரும் குறைக்கச் சொல்வதில்லை. கோளாறு எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கும் அரை மணி நேரத்துக்கு மட்டும் நம்மிடம் விலையே இல்லை. விளைவு, பழுதைத் தேடுவதைவிடப் பார்ட்டை மாற்றுவதுதான் எல்லோருக்கும் லாபம் என்றாகிறது. தேடத் தெரிந்தவருக்கு அந்தத் திறமையால் வருமானம் கூடுவதில்லை. அவர் மகன் அதைப் பார்த்தே வளர்கிறான். வேறு வேலைக்குப் போகிறான். அமெரிக்காவிலும் இதே நோய் வேறு பெயரில் இருக்கிறது. அங்கே டீலர் ஒர்க்‌ஷாப்களில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று புத்தகத்தில் நிர்ணயித்து, அந்த மணிக்கு மட்டும் கூலி தரும் முறை பரவலானது. கண்டுபிடிக்கக் கடினமான கோளாறு யார் தலையில் விழுகிறதோ அவருக்கு நஷ்டம். கருவிகளையும் தொழிலாளியே சொந்தக் காசில் வாங்க வேண்டும். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 60,000-க்கு மேற்பட்ட மெக்கானிக் இடங்கள் காலியாகின்றன. அவற்றில் பெரும்பகுதி தொழிலை விட்டுப் போகிறவர்களும் ஓய்வு பெறுகிறவர்களும் விடும் இடங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் இந்த இடத்தை நிரப்பவில்லையா? அங்கே பயிற்சி உண்டு, நல்ல கருவிகள் உண்டு, லிஃப்ட் உண்டு, இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி வெளியே போக வேண்டும் என்ற கணக்கும் உண்டு. சேர்ந்த பையன் ஆயில் மாற்றும் வேலையில் வேகம் காட்டினால் அதிலேயே நிறுத்திவைப்பார்கள். வண்டியின் சொந்தக்காரரிடம் பேசுவது சர்வீஸ் அட்வைசர். அடியில் படுத்திருப்பவருக்கு வேலைச்சீட்டு மட்டும் வரும். வண்டி எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எப்போது அந்தச் சத்தம் கொடுத்தது என்பது அவர் காதுக்கு வருவதற்குள் தேய்ந்துபோகிறது. இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, அதே நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்கு மாறினால் சட்டையில் கறை இல்லாமல் கூடுதல் சம்பளம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியவரும்.

ஐ.டி.ஐ.களைப் பற்றிப் பேசும்போது பலரும் சலித்துக்கொள்கிறார்கள். நான் அவ்வளவு சலிப்பாகப் பார்க்கவில்லை. 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தியது தமிழக அரசு. மின்வாகன மெக்கானிக் என்ற தொழிற்பிரிவும் வந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ.க்குப் போகும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். குறை எங்கே என்றால், மோட்டார் மெக்கானிக் பிரிவில் இரண்டு வருடம் படிக்கும் மாணவன் கழற்றி மாட்டுவது பெரும்பாலும் பலர் கழற்றி மாட்டிய, ஸ்டாண்டில் நிற்கும் இன்ஜினைத்தான். வெட்டி வைத்த மாடலில் வால்வு எப்படித் திறக்கிறது என்று தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் சேறு அப்பிய, துருப்பிடித்த, போல்ட் தலை வழுக்கிப்போன, மழையில் இரண்டு நாளாக ஸ்டார்ட் ஆகாத ஒரு வண்டியும், பக்கத்தில் நின்று மணியைப் பார்க்கும் அதன் சொந்தக்காரரும் அங்கே வருவதில்லை. கோளாறு தேடும் புத்தி அந்த நெருக்கடியில் ஊறுவது. படிப்பு முடிந்ததும் அதற்குத்தான் அப்ரண்டிஸ் காலம்.

இங்கே சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் 2019-இல் திருத்திய விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடம் விரும்பினால் எடுக்கலாம். அந்த விதிகள் நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய். அதில் நாலில் ஒரு பங்கை, 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய அரசு தரும். நாலு பேருக்குக் குறைவான இடம் இந்தக் கணக்கிலேயே வராது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளை நினைத்துப் பாருங்கள். முதலாளியே மெக்கானிக், கூட ஒருவர், ஒரு ஹெல்ப்பர். வேப்பமரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் நடக்கும் இந்தக் கடைகளில்தான் பெரும்பாலான வண்டிகள் சரியாகின்றன. கோளாறு தேடத் தெரிந்த மூத்தவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். உண்மையில் பள்ளிக்கூடமாக இருக்கும் இடம் சட்டத்தின் கண்ணில் இடமாகவே இல்லை. பெரிய ஆலை அப்ரண்டிஸ் எடுக்கிறது. அங்கே அவன் நாளெல்லாம் ஒரே போல்ட்டை முறுக்கக் கற்கிறான்.

ஜெர்மனியை உதாரணம் காட்டுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது என்றாலும், இந்த விஷயத்தில் அது பொருத்தமான உதாரணம். கார் மெக்கானிக் வேறு, கார் எலெக்ட்ரீஷியன் வேறு என்று இருந்த பயிற்சிகளை 2003-இல் அவர்கள் ஒன்றாக்கினார்கள். வண்டியில் இயந்திரமும் மின்னணுவும் பிரிக்க முடியாமல் பின்னிவிட்டன என்பதை ஒப்புக்கொண்ட முடிவு அது. பயிற்சி மூன்றரை வருடம். வாரத்தில் சில நாள் ஒர்க்‌ஷாப், சில நாள் தொழிற்பள்ளி. முதல் மாதத்திலிருந்தே சம்பளம். சின்ன ஒர்க்‌ஷாப்பும் பயிற்சியாளரை எடுக்கலாம். நம் ஊரில் மெக்கானிக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனும் இன்றும் தனித்தனிக் கடைகள். வண்டி இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று தள்ளப்படுகிறது. ஜெர்மனியிலும் இப்போது ஆள் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே பற்றாக்குறை பயிற்சிக்கு வரும் இளைஞர்களின் எண்ணிக்கையில். நமக்கு வரும் இளைஞனை எங்கே அனுப்புவது என்பதே தெரியவில்லை. ஜப்பான் வேறு வழியில் போனது. 2019 ஏப்ரலில் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவில் வாகனப் பழுதுபார்ப்பையும் ஒரு துறையாகச் சேர்த்து வெளிநாட்டினரை அழைக்கிறது. வளைகுடாவோ நெடுநாளாக அழைத்துக்கொண்டிருக்கிறது. ஷார்ஜாவின் தொழிற்பேட்டையிலும் அபுதாபியின் முசாஃபாவிலும் தமிழ் பேசும் ஒர்க்‌ஷாப்புகளைப் பார்க்கலாம். பத்து வருடம் தேறிய கையைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தேற்றிய செலவு நம்முடையது.

பாதி ஜனத்தொகையை இந்தத் தொழில் வாசலிலேயே நிறுத்திவைத்திருப்பதையும் சொல்ல வேண்டும். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெண்கள் வாகன உதிரிபாகம் செய்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்ஸ்கூட்டர் ஆலையொன்றின் உற்பத்திக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் பெண்கள். அதே ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கும் இடத்தில் ஒரு பெண்ணைப் பார்ப்பது அரிது. உடல் பலம் காரணம் என்பது பழைய சாக்கு. லிஃப்ட்டும் பவர் ஸ்பேனரும் வந்த பிறகு அதில் பொருள் குறைவு. பெரும்பாலான ஒர்க்‌ஷாப்பில் கழிப்பறை இல்லை. இதை முதலில் சரிசெய்யாமல் மற்ற பேச்சுக்கு இடமில்லை.

மின்வாகனம் வந்தால் மெக்கானிக்கே தேவைப்படாது என்று சொல்பவர்கள் உண்டு. ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை, நகரும் பாகங்கள் குறைவு என்பது சரி. பிரேக், சஸ்பென்ஷன், பேரிங், டயர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பேட்டரியின் எடையால் சில சீக்கிரமே தேயவும் செய்யும். மின்காரில் ஆரஞ்சு நிற வயரில் ஓடுவது 300, 400 வோல்ட். சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கக் காத்திருந்து, 1,000 வோல்ட் தாங்கும் கையுறை போட்டு, மீட்டர் வைத்து உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள் என்று இந்த வேலையில் யாரையும் விட முடியாது. முதல் தப்பே உயிரை வாங்கிவிடும். மின்கார் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருவது பரவலான வழக்கம். 2023-இல் விற்ற வண்டிகள் 2031-இல் வாரண்டியை விட்டு வெளியே வரும். அப்போது பேக்கைத் திறந்து, கெட்ட செல்லைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் வெளி ஒர்க்‌ஷாப்பில் இல்லையென்றால், ஒரு சில செல்லுக்காக முழு பேட்டரியையும் மாற்றச் சொல்வார்கள்.

தேடத் தெரிந்தவருக்கும் தகவல் வேண்டும். வயரிங் வரைபடம், பழுது நீக்கும் கையேடு, அந்தந்தக் கம்பெனியின் ஸ்கேனர் மென்பொருள் ஆகியவை வெளிக் கடைகளுக்குக் கிடைப்பது கடினம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது சொன்ன முக்கியமான விஷயம் இதுதான்: உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தனியார் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கிடைக்க வேண்டும். வழக்கு மேல்முறையீடுகளில் இழுபட்டது. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் தொடங்கி, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. அந்த உரிமை இன்னும் சட்டமாகவில்லை. இதற்கிடையில் வெளி மெக்கானிக்குகள் வாட்ஸ்அப் குழுக்களில் வயரிங் படங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள், யூடியூபில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொள்ளும் ஆசை இந்தத் தொழிலில் வற்றவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவையில்லை.

எனவே செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கே திரும்புகிறேன். பல முதலாளிகள் சேர்ந்து ஒரு முகமை வழியாகப் பயிற்சி தருவதற்கு அப்ரண்டிஸ் சட்டத்தில் ஏற்கெனவே இடம் உண்டு. ஒரே சாலையில் இருக்கும் பத்துப் பதினைந்து சின்ன ஒர்க்‌ஷாப்புகளைச் சேர்த்து ஒரு நிறுவனமாக எண்ணினால் நாலு பேர் என்ற வரம்பு தடையாக இருக்காது. பக்கத்து ஐ.டி.ஐ. முகமையாக இருக்கட்டும், கழிப்பறை, காப்பீடு, பாதுகாப்பு மூன்றுக்கும் அது பொறுப்பேற்கட்டும். பையனோ பெண்ணோ வாரத்தில் நாலு நாள் ஒர்க்‌ஷாப்பிலும் இரண்டு நாள் ஐ.டி.ஐ.யிலும் இருக்கட்டும்; ஒரு கடையில் இன்ஜின், அடுத்ததில் எலெக்ட்ரிகல், மூன்றாவதில் டீசல் என்று மாறி மாறிக் கற்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கற்றுக்கொடுக்கும் மூத்த மெக்கானிக்குக்கு அதற்கென்று மாதச் சம்பளம் வேண்டும். இதுவரை எந்தத் திட்டமும் அவரை ஆசிரியராக எண்ணியதாக எனக்குத் தெரியவில்லை. சான்றிதழ் வாங்க வா என்று அழைத்தார்கள், அவ்வளவே.

கணக்கு பெரிதில்லை. கற்பவருக்கு மாதம் 9,000, கற்றுக்கொடுப்பவருக்கு ஒரு மாணவருக்கு 5,000 என்று வைத்தால் மூன்று வருடத்துக்கு 5,04,000 ரூபாய். 10,000 பேருக்கு 504 கோடி. 71 ஐ.டி.ஐ.களுக்குக் கட்டடமும் ரோபோவும் வாங்க ஆன தொகையில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் மூன்று வருடங்களில் பிரித்துச் செலவாகும் தொகை, ஆண்டுக்கு 168 கோடி.